முதலில் தேதி, கடைசியில்தான் தேசம்

தங்கள் சரக்கை விற்கும் கடைக்காரர்களைக் கூட்டி வெளிநாட்டில் டீலர் மீட் வைக்க வேண்டும் என்று என்னிடம் வரும் கம்பெனிக்காரர்கள் பெரும்பாலும் ஊரை முடிவு செய்துவிட்டுத்தான் வருகிறார்கள். பாங்காக், இல்லாவிட்டால் துபாய். "அறுபது பேர், மூணு ராத்திரி, ஒரு ஹால். ரேட் மட்டும் சொல்லுங்க." ரேட் சொல்ல எனக்குப் பத்து நிமிஷம் ஆகாது. அதற்கு முன்னால் கூட்டத்தில் என்ன பேசப் போகிறீர்கள் என்று கேட்பேன். அங்கேதான் பேச்சு தடைப்படும். பாதிப் பேர் அதை யோசித்தே இருக்க மாட்டார்கள்.

பாளையங்கோட்டையில் உட்கார்ந்துகொண்டு வெளிநாட்டுக் கூட்டங்களுக்கு ஏற்பாடு செய்வது என் தொழில். வருகிற டீலர்கள் எல்லாம் இந்தப் பக்கத்துக்காரர்கள்: அம்பாசமுத்திரத்தில் உரக்கடை, சங்கரன்கோவிலில் பெயின்ட் கடை, வள்ளியூரில் ஹார்டுவேர், திசையன்விளையில் மோட்டார் கடை. கூட்டம் எந்த நாட்டில் நடந்தாலும் அது ஒழுங்காக நடக்குமா நடக்காதா என்பது இங்கேயே தீர்மானமாகிவிடுகிறது என்பது என் கட்சி. அங்கே போய்ச் சமாளித்துக்கொள்ளலாம் என்று விட்ட எதுவும் அங்கே சமாளிக்கப்பட்டதை நான் பார்த்ததில்லை.

முதல் வேலை தேதி. தலைமை அலுவலகம் மும்பையிலோ புனேயிலோ இருக்கும். அங்கிருந்து "மார்ச் கடைசி வாரம்" என்று ஒரு மெயில் வரும். பங்குனி உத்திரம் என்றைக்கு என்று அங்கே யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். அன்றைக்குத் திருநெல்வேலிச் சீமையில் பாதிப் பேர் குடும்பத்தோடு தங்கள் சாஸ்தா கோயிலில் இருப்பார்கள். சென்னையில் வேலை பார்ப்பவனே லீவு போட்டுவிட்டு வந்து சேருகிற நாள் அது. உள்ளூரில் கடை வைத்திருப்பவர் அதை விட்டுவிட்டு பட்டாயா போவாரா? குலசேகரன்பட்டினம் தசராவும் அப்படித்தான். மாலை போட்டவர் விரதத்தை முடிக்காமல் ஊர் எல்லையைத் தாண்ட மாட்டார். ஆடி அமாவாசைக்குக் காரையார் சொரிமுத்து அய்யனார் கோயிலில் குடில் போட்டுத் தங்குகிற குடும்பங்கள் உண்டு.

சாமி காரியம் போக வெள்ளாமை இருக்கிறது. பிசான நெல் சாகுபடிக்குப் பாபநாசம் அணை திறந்துவிட்டார்கள் என்றால் உரக்கடைக்காரரை நாற்காலியிலிருந்து எழுப்ப முடியாது. பெயின்ட் கடைக்காரருக்குத் தீபாவளிக்கும் பொங்கலுக்கும் முந்தைய வாரங்கள்தான் வருஷ வருமானம். தை, வைகாசி, ஆவணியில் முகூர்த்தங்கள்.

அந்தப் பக்கத்துக் காலண்டரையும் வைத்துப் பார்க்க வேண்டும். தாய்லாந்தில் ஏப்ரல் 13 முதல் 15 வரை சோங்க்ரான், ஒருவர் மேல் ஒருவர் தண்ணீர் ஊற்றிக் கொண்டாடும் புத்தாண்டு, ஊரே தண்ணீரில் மிதக்கும். சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் சீனப் புத்தாண்டு. துபாயில் ரமலான் மாதம் அலுவலக நேரமே குறைந்துவிடும். அங்கே 2022 ஜனவரியிலிருந்து வார விடுமுறை சனி, ஞாயிறு, வெள்ளி அரை நாள் என்று மாறிவிட்டது. பழைய நினைப்பில் வெள்ளி மத்தியானம் யாரையாவது சந்திக்க நேரம் கேட்டால் கிடைக்காது. இலங்கையில் ஒவ்வொரு பௌர்ணமியும் போயா விடுமுறை, அன்றைக்கு மது விற்பனை கிடையாது. பங்குனி உத்திரம், தைப்பூசம், சித்ரா பௌர்ணமி எல்லாம் பௌர்ணமியை ஒட்டி வருவதால், நாம் கிளம்பக் கூடாத நாளும் அங்கே போய் இறங்கக் கூடாத நாளும் பெரும்பாலும் ஒன்றாகவே விழும். அந்த வகையில் கொழும்பு நமக்குச் சௌகரியமான ஊர்.

எல்லாவற்றையும் கழித்துப் பார்த்தால் மோட்டார், பெயின்ட், ஹார்டுவேர் ஆட்களுக்கு நான் சொல்வது ஆடி மாதம். கல்யாணம் கிடையாது, புதுமனை கிடையாது, கடையில் ஈ ஓட்டுகிற நாட்கள். அமாவாசையை மட்டும் விட்டுவிட வேண்டும். பாங்காக்கில் அப்போது மழைக்காலம், துபாயில் வெயில் மண்டையைப் பிளக்கும், ஆகவே இரண்டு ஊரிலும் ஓட்டல் வாடகை இறங்கியிருக்கும். கூட்டம் நடப்பது ஏசி ஹாலுக்குள். வெளியே மழை பெய்தால் யாரும் நடுவில் நழுவ மாட்டார்கள் என்பது கூடுதல் லாபம்.

அடுத்தது பெயர். இதில் போகிற நேரம் வேறு எதிலும் போவதில்லை.

அறுபது பேர் பட்டியலில் நாலைந்து இசக்கிமுத்து, இரண்டு மூன்று சுடலைமுத்து, ஒரு பேச்சிமுத்து நிச்சயம். கடைப் போர்டில் ஒரே ஓர் இனிஷியல். பாஸ்போர்ட்டில் அந்த இனிஷியலை விரித்து அப்பா பெயர் ஏறியிருக்கும், சிலருக்கு முன்னால், சிலருக்குப் பின்னால். சிலருக்கு ஒரே பெயர்தான், குடும்பப் பெயருக்கான கட்டம் காலி. ஐக்கிய அரபு அமீரகம் 2022 நவம்பரில், ஒற்றைப் பெயர் மட்டும் உள்ள பாஸ்போர்ட்டில் சுற்றுலா விசாவில் வருபவர்களை அனுமதிக்க மாட்டோம் என்று அறிவித்தது. கடைசிப் பக்கத்தில் அப்பா பெயர் இருந்தால் ஏற்றுக்கொள்வோம் என்று பிறகு தளர்த்தினார்கள். என்றாலும் துபாய் கூட்டம் என்றால் ஒற்றைப் பெயர்க்காரர்களை முதலிலேயே தனியாக எடுத்துவைத்து, விமான கம்பெனியிடம் எழுத்தில் கேட்டுக்கொள்வது நல்லது. பாஸ்போர்ட்டையே திருத்துவதாக இருந்தாலும் திருநெல்வேலியிலேயே சேவா கேந்திரம் இருக்கிறது, மதுரைக்கு ஓட வேண்டியதில்லை. ஆனால் அதற்கு நாள் வேண்டும். ஆறு மாதத்துக்குக் குறைவாகக் காலம் மிச்சமிருக்கும் பாஸ்போர்ட்டும் அதே தனிக் கட்டுக்குள் சேர வேண்டியதுதான்.

ஓட்டல் வரவேற்பில் இன்னொரு கூத்து. பாஸ்போர்ட்டின் குடும்பப் பெயர்க் கட்டத்தில் இருப்பதைத்தான் அவர்கள் கூப்பிடுவார்கள். "மிஸ்டர் மாடசாமி" என்று அந்தப் பெண் சிரித்துக்கொண்டே சாவியை நீட்டும். நம் அண்ணாச்சி திரும்பிப் பார்க்க மாட்டார். மாடசாமி அவருடைய அப்பா, காலமாகிப் பல வருஷம் ஆகியிருக்கும். அதனால் அறைப் பட்டியலில் பாஸ்போர்ட் பெயருக்குப் பக்கத்திலேயே ஊரும் கடைப் பெயரும் எழுதி, நம் ஆள் ஒருவரை வரவேற்பில் நிறுத்திவிடுவேன். "களக்காடு இசக்கிமுத்து அண்ணாச்சி" என்றால்தான் சரியான ஆள் எழுந்து வருவார்.

விசாவைப் பற்றி நீட்ட வேண்டியதில்லை. தாய்லாந்தும் மலேசியாவும் 2023 கடைசியில் இந்தியர்களுக்கு விசாவை எடுத்துவிட்டன. ஆனால் இந்த விதிகள் ராத்திரியோடு ராத்திரியாக மாறக்கூடியவை, டிக்கெட் போடும் வாரத்தில் ஒரு தடவை, கிளம்பும் வாரத்தில் ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள். விசா இல்லை என்றாலும் ஆன்லைன் வருகை அட்டை உண்டு. தாய்லாந்து, மலேசியா, சிங்கப்பூர் மூன்றிலும் இறங்குவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள்தான் அதை நிரப்ப முடியும். அறுபது பேருக்கும் சேர்த்து நிரப்ப ஆபீசில் இரண்டு பேர் ராத்திரி கண்விழிக்க வேண்டும். டீலர்களையே நிரப்பச் சொன்னால் பிறந்த தேதியில் கல்யாண தேதியைப் போட்டுவிடுவார்கள்.

சாப்பாட்டுக்கு வருகிறேன். "தம்பி, அங்க போயி நாலு நாளும் ரொட்டியத் தின்னுட்டுக் கெடக்கணுமாய்யா?" கூட்டத்தைப் பற்றி டீலர் கேட்கும் முதல் கேள்வி இதுதான். இரண்டாவது கேள்வி அநேகமாக இருக்காது. ரசம் உண்டு என்று சொல்லிவிட்டால் பாதிப் பேர் உடனே சரி என்பார்கள்.

பாங்காக்கில் சைவம் என்று மட்டும் சொன்னால் போதாது. கறி இல்லாமல் காய்கறிதான் வரும், ஆனால் மீன் சாஸோ சிப்பி சாஸோ ஊற்றித்தான் வதக்கியிருப்பார்கள். அவர்கள் கணக்கில் அது மசாலா. எங்கள் சைவப் பிள்ளைமார் வீட்டு ஆட்களுக்குத் தெரிந்தால் அந்தப் பயணமே முடிந்தது. அதனால் மீன் சாஸ், சிப்பி சாஸ், இறால் விழுது, முட்டை என்று ஒவ்வொன்றாக எழுதி, இதெல்லாம் கூடாது என்று ஓட்டல் சமையல் பொறுப்பாளரிடம் கையெழுத்து வாங்குகிறேன். மேலப்பாளையம், கடையநல்லூர் டீலர்களுக்கு ஹலால் தனி. மலேசியாவில் ஜாக்கிம், சிங்கப்பூரில் முயிஸ் என்ற அதிகாரபூர்வ அமைப்புகளின் ஹலால் சான்றிதழைக் கேட்டு வாங்கலாம். மற்ற இடங்களில் எங்கள் இடத்தில் எல்லாம் ஹலால்தான் என்று வாய்வார்த்தையாகச் சொன்னால் விடக் கூடாது, காகிதம் கேட்க வேண்டும்.

வெளியிலிருந்து சமையல்காரரைக் கொண்டுவரலாமா என்றால், பல ஓட்டல்கள் அதற்குத் தலைக்கு இவ்வளவு என்று கட்டணம் போடும், சில சமையலறைக்குள் விடவே விடாது. ஒப்பந்தம் போடுவதற்கு முன்னால் பேசினால் குறைப்பார்கள், கையெழுத்துக்குப் பிறகு ஒரு பைசா இறங்காது. பாங்காக்கில் சீலோம் சாலை மாரியம்மன் கோயிலைச் சுற்றி இந்தியச் சாப்பாட்டுக் கடைகள் உண்டு. ஒரு சாயங்காலம் அம்மனைக் கும்பிடக் கூட்டிப் போனால் ராத்திரிச் சாப்பாட்டுப் பிரச்சினையும் தீரும், சும்மா குடித்துக்கொண்டிருக்கும் கோஷ்டியும் கொஞ்சம் அடங்கும்.

ஊரிலிருந்து கொண்டுபோகும் பொட்டலங்களையும் சொல்லிவிடுகிறேன். எண்ணெயும் மிளகாய்ப்பொடியும் தடவிய இட்லி முதல் நாளுக்கு, அது வழியிலேயே தீர்ந்துவிடும். துபாய் போகிறவர் வீட்டில் அரைத்த குருமாப் பொடியை எடுத்துவைத்தால் அதில் கசகசா இருக்கிறதா என்று கேளுங்கள். அங்கே கசகசா போதைப் பொருள் கணக்கில் தடை செய்யப்பட்டது, ஒரு கைப்பிடிக்கும் வழக்கு உண்டு. அல்வாவைக் கைப்பையில் வைத்தால் பிசுபிசுப்பான பண்டம் என்று பாதுகாப்புச் சோதனையில் எடுத்து வெளியே வைத்துவிடக்கூடும், செக்-இன் பெட்டியில் போட்டுவிட வேண்டியது. கொப்பரைத் தேங்காய் செக்-இன் பெட்டியில் கூடாது, எளிதில் தீப்பிடிக்கும் பொருள் என்று விதி.

ஓட்டல் ஒப்பந்தத்தில்தான் பணம் கரைகிறது. பாங்காக் ஓட்டல் சாப்பாட்டுக்கு ஆயிரம் பாட் பிளஸ் பிளஸ் என்று எழுதும். முதல் பிளஸ் 10 சதவீத சேவைக் கட்டணம், இரண்டாவது அதன் மேல் 7 சதவீத வாட். ஆயிரம் என்பது கையில் 1,177. சிங்கப்பூரில் சேவைக் கட்டணம் 10, ஜி.எஸ்.டி. 9, கூட்டினால் நூறு வெள்ளிக்கு 119 வெள்ளி 90 காசு. மலேசியாவில் வெளிநாட்டவருக்கு அறைக்கு ஓர் இரவுக்கு 10 ரிங்கிட் சுற்றுலா வரி தனி. இதையெல்லாம் சேர்க்காமல் போடப்பட்ட பட்ஜெட்டுடன்தான் கணக்குப் பிரிவு நம்மிடம் சண்டைக்கு வரும்.

இதைவிட ஆபத்தானது, எழுதிய அறைகளில் எத்தனை குறையலாம் என்று சொல்லும் அட்ரிஷன் என்ற ஒரு ஷரத்து. இங்கே கல்யாண மண்டபத்தில் நூறு இலைக்குச் சொல்லி எண்பது விழுந்தால் சமையல்காரரிடம் பேசித் தீர்த்துக்கொள்வது போல அங்கே நடக்காது. நாற்பது அறை எழுதி, பத்து சதவீதம் குறைக்கலாம் என்று ஒப்பந்தம் என்றால் முப்பத்தாறு வரை தப்பலாம். முப்பத்தொன்றுதான் நிரம்பியது என்றால் மீதி ஐந்து அறைக்கும் வாடகை கட்டியாக வேண்டும். எங்கள் பக்கத்தில் அறை காலியாவதற்கு முக்கியமான காரணம் துஷ்டி. ஒரு பெரியவர் தவறிவிட்டால் பங்காளிகள் அத்தனை பேரும் பதினாறாம் நாள் விசேஷம் வரை நகர மாட்டார்கள். ஒரே சொந்தத்தில் மூன்று டீலர் இருந்தால் மூன்று இடமும் போச்சு. அதனால் டீலர்கள் யார் யாருக்குச் சொந்தம் என்பதையும் விசாரித்துவைத்திருப்பேன். அறைகளைத் தவணை தவணையாக விடுவிக்கும் தேதிகள், கடைசி வாரம் வரை பெயர் மாற்றும் உரிமை, இந்த இரண்டும் இல்லாத ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். விமான டிக்கெட்டுக்கும் இதேதான்.

ஹாலை நேரில் போய்ப் பார்க்காமல் படத்தை மட்டும் பார்த்து முடிக்கக் கூடாது. நடுவில் தூண் இருக்கிறதா, கூரை எவ்வளவு உயரம், திரையைக் கடைசி வரிசையிலிருந்து படிக்க முடியுமா என்பதோடு இன்னொன்றையும் பாருங்கள். பெரிய ஹால்களை மடக்குத் தட்டியால் இரண்டு மூன்றாகப் பிரித்து வாடகைக்கு விடுவார்கள். தட்டிக்கு அந்தப் பக்கம் நம் தேதியில் என்ன நிகழ்ச்சி என்று கேட்க வேண்டும். கல்யாண நிச்சயமோ நடன ஒத்திகையோ இருந்தால், நம் நிதி இயக்குநர் பேச்சுக்கு அவர்கள் தாளம் போடுவார்கள். பம்ப்செட் கம்பெனி தன் மோட்டாரை அறுத்துக் காட்டும் மாதிரியைக் கொண்டுபோவதாக இருந்தால் ஃபிக்கி என்ற தொழில் வர்த்தகச் சங்கம் தருகிற ஏ.டி.ஏ. கார்னே என்ற சுங்கச் சீட்டை வாங்கிக்கொண்டால் அங்கே சுங்கவரி கட்டாமல் கொண்டுபோய்த் திரும்பக் கொண்டுவரலாம், ஓராண்டு செல்லும். பேனர், ஃபைல் எல்லாம் அங்கேயே அச்சடித்துக்கொள்வது மேல்.

கூட்டத்தில் என்ன பேசப் போகிறீர்கள் என்று முதலில் கேட்ட கேள்வி ஏன் அவ்வளவு முக்கியம் என்றால், அதற்கு வரித்துறைதான் காரணம். 2022 ஜூலை 1 முதல் வருமான வரிச் சட்டத்தில் 194-ஆர் என்ற பிரிவு வந்தது. தொழில் தொடர்பில் ஒருவருக்கு வருஷத்தில் 20,000 ரூபாய்க்கு மேல் சலுகையோ பரிசோ கொடுத்தால் 10 சதவீத வரி பிடிக்க வேண்டும். பணமாக இல்லாமல் பயணமாகக் கொடுத்தாலும், வரி கட்டியாகிவிட்டது என்று உறுதி செய்த பிறகுதான் கொடுக்கலாம். டீலர் மீட் இதில் வருமா என்று எல்லோரும் கேட்கவே, அந்த ஜூனிலேயே நேரடி வரி வாரியம் ஒரு சுற்றறிக்கையில் விளக்கியது. புதுச் சரக்கை அறிமுகம் செய்ய, ஆர்டர் எடுக்க, விற்பனை முறையைச் சொல்லித்தர, டீலர்களின் சந்தேகங்களைத் தீர்க்க, கணக்கைச் சரிபார்க்க என்று நடத்தும் மாநாட்டுச் செலவு சலுகையாகாது. டார்கெட் அடித்தவர்களுக்கு மட்டும் ஊக்கமாகக் கொடுப்பது, சுற்றிப் பார்க்கும் பகுதி, கூட வரும் குடும்பத்தார் செலவு, கூட்டத்துக்கு முன்னும் பின்னும் தங்குவது எல்லாம் சலுகை. முந்தின ஒரு நாளையும் பிந்தின ஒரு நாளையும் மட்டும் கணக்கில் எடுக்க வேண்டாம் என்று செப்டம்பரில் இன்னொரு சுற்றறிக்கை இறக்கம் காட்டியது.

இது தெரியாமல் சிங்கப்பூரில் கூட்டம் வைத்தால் கடையநல்லூர் டீலர் பாதிப் பேர் சொந்தக்காரர் வீட்டில் ஒரு வாரம் இருந்துவிட்டு வருகிறேன் என்பார்கள். அந்த ஊருக்கும் சிங்கப்பூருக்கும் அப்படித் தலைமுறைத் தொடர்பு. தாராளமாக இருக்கட்டும், அந்த நாட்களின் செலவு அவர் கையிலிருந்து என்று எழுதி வாங்கிவிட வேண்டும். மருந்துக் கம்பெனிக்காரர்கள் என்னிடம் வர வேண்டிய தேவையே போய்விட்டது. டாக்டர்களுக்கான கூட்டத்தை வெளிநாட்டில் நடத்தக் கூடாது என்று 2024 மார்ச்சில் வந்த நெறிமுறை தடுத்துவிட்டது. எனக்கு நஷ்டம், ஆனாலும் நல்ல காரியம்.

ஆகவே முதல் நாள் காலையிலேயே கூட்டம், அதன் பிறகுதான் ஊர் சுற்றல். பட்டாயா போய்விட்டு வந்தவரை ஹாலுக்குள் உட்கார வைப்பது ஆகாத காரியம். காலையில் எம்.டி. அரை மணி நேரம் பேசினால் போதும். மீதி நேரத்தை டீலர்களுக்குக் கொடுத்துவிடுங்கள். கம்பெனி கழித்துத் தர வேண்டிய தொகைக்கு இன்னும் வராத கிரெடிட் நோட், திருப்பி எடுக்காத பழைய சரக்கு, பக்கத்து ஊரில் குறைத்து விற்கும் இன்னொரு டீலர் என்று அவர்களிடம் பேச நிறைய இருக்கிறது. அதையெல்லாம் தமிழில்தான் பேசுவார்கள். எம்.டி.க்குத் தமிழ் தெரியாது. சேல்ஸ் ஆபீசரை மொழிபெயர்க்க விட்டால் தன்னைப் பற்றிய புகாரை மட்டும் முழுங்கிவிடுவார். தமிழ் ஆட்சிமொழியாக இருக்கும் சிங்கப்பூரிலும் இலங்கையிலும் தொழில்முறை மொழிபெயர்ப்பாளர்களை அமர்த்த முடியும். காதுக் கருவி வைத்து உடனுக்குடன் சொல்வதானால் ஒருவர் போதாது, இருபது முப்பது நிமிஷத்துக்கு ஒருமுறை மாறிக்கொள்ள இரண்டு பேர் வேண்டும். விலைப் பட்டியலையும் தொழில் சொற்களையும் ஒரு வாரம் முன்பே அவர்களுக்கு அனுப்பிவிடுங்கள்.

வெளிநாட்டில் கூட்டம் போடுவதில் எங்கள் சீமைக்கு ஒரு பெரிய முன்னோடி உண்டு. தனிநாயகம் அடிகள் யாழ்ப்பாணத்துக்காரர்தான், ஆனால் வள்ளியூர்ப் பக்கம் வடக்கன்குளம் பள்ளியில் ஆசிரியராக இருந்தவர். 1964 ஜனவரியில் டெல்லியில் கீழைத்தேய அறிஞர் மாநாடு கூடியபோது, அங்கே வந்திருந்தவர்களை வைத்தே உலகத் தமிழாராய்ச்சி மன்றத்தை அமைத்தார்கள். 1966 ஏப்ரலில் கோலாலம்பூரில் முதல் உலகத் தமிழ் மாநாடு. அவர் அப்போது மலாயாப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் என்பதால் இடமும் ஆட்களும் கையிலேயே இருந்தன. என்ன பேசுவது என்பது முதலில் முடிவானது, ஊர் பிறகுதான் வந்தது. மாநாட்டில் படித்த கட்டுரைகள் அச்சாகி இரண்டு தொகுதிகளாக வந்தன. எங்கள் டீலர் மீட்டுகளில் மிஞ்சுவது குரூப் போட்டோ மட்டும். வருகைக் கையெழுத்து, நிகழ்ச்சி நிரல், யார் என்ன கேட்டார், கம்பெனி என்ன ஒப்புக்கொண்டது என்று நாலு பக்கம் எழுதிவைத்தால் ஆடிட்டருக்கும் உதவும், அடுத்த வருஷக் கூட்டத்தில் டீலருக்கும் உதவும்.

இப்போது யார் கேட்டாலும் முதலில் கொழும்பைத்தான் சொல்கிறேன். மதுரையிலிருந்து ஒரு மணி நேரப் பறத்தல். சீனா கட்டிக் கொடுத்து 1973-இல் திறந்த பண்டாரநாயக்க மாநாட்டு மண்டபம் இருக்கிறது, 1976-இல் அணிசேரா நாடுகளின் உச்சி மாநாடே அங்கேதான் கூடியது. அறுபது பேருக்கு அவ்வளவு பெரிய இடம் வேண்டாம், ஓட்டல் ஹாலே போதும். காலையில் இடியாப்பமும் சொதியும் கிடைக்கும். மறுவீட்டுச் சாப்பாட்டில் சொதி இல்லாமல் எழுந்திருக்காத எங்கள் ஆட்களுக்கு வேறென்ன வேண்டும்? ருசி நம் வீட்டுச் சொதியைப் போல இல்லை என்று குறை சொல்லிக்கொண்டே மூன்று கரண்டி வாங்குவார்கள்.

திரும்பும் விமானம் பெரும்பாலும் விடிகாலையில்தான் அமையும். அதனால் கணக்கை முந்தின ராத்திரியே முடித்துவிட வேண்டும். ஹால், சாப்பாடு, அறை எல்லாம் ஒரே மாஸ்டர் பில்லில், மினிபார், சலவை, போன் எல்லாம் அவரவர் கணக்கில் என்று முதல் நாளே பிரிக்கச் சொல்லியிருந்தால் ராத்திரி பத்து மணிக்கு வேலை முடியும். அப்படியே காலை உணவைப் பொட்டலமாகக் கட்டித் தரச் சொல்லிவிடுங்கள். அதற்கு அறை வாடகையிலேயே காசு கொடுத்திருக்கிறோம்.